செடி கொடி பேசுவோம்: மேட்டோரத்துக் குட்டி மரம்



தோட்டம் விற்கப்பட்டு, தாமான் வீட்டுக்குக் குடிபோகவிருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "எங்கள் லயத்துக்குப் பின்னால் மேட்டில் கிறிஸ்துமஸ் மரம்போல ஒரு சிறு செடி உண்டு. மூன்று முறை பிடுங்கி வந்து நட்டு, மாட்டெருவும் போட்டேன். மூன்றும் பட்டுப்போயின. மேட்டைச் சமப்படுத்துவதற்குள் ஒன்றையாவது கொண்டுபோக வேண்டும். என்ன வழி?"

வழி உண்டு. பிடுங்குவது மட்டும் வழியல்ல, எருவும் அல்ல.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். பால்மரக் காடோ செம்பனைக் காடோ, பாதைக்காக வெட்டிய செம்மண் மேட்டிலும் நீர் கசியும் கால்வாய்ச் சரிவிலும் இது நிற்கும். பக்கத்தில் ரெசாம் பெரணியும் ஊதாப்பூப் பூக்கும் செண்டுடோக்கும் இருக்கும். நிமிர்ந்த தண்டு பெரும்பாலும் முழங்கால் உயரம். கிளை முழுவதும் ஊசிபோன்ற மெல்லிய இலைகள். அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். தொட்டால் குத்தாது. கிளை நுனிகளில் வெளிர்மஞ்சள் கதிர்கள் தலைகவிழ்ந்து தொங்கும். அந்தத் தொங்கலைப் பார்த்துத்தான் லின்னேயஸ் 1753-இல் 'செர்னூம்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் கவிழ்ந்தது என்று பொருள். நிழலில் நீலமாக மின்னும் செலாஜினெல்லாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் கிளைகள் விசிறிபோல் தட்டையாக விரிந்திருக்கும். இது குட்டி மரமாக நிமிர்ந்து நிற்கும்.

மலாயில் இதற்குப் 'பாக்கு செரானி' என்று பெயர். வெற்றிலைப் பாக்கு அல்ல. பெரணிக்கு மலாயில் பாக்கு. அதற்காகப் பாக்குக் கீரை சமைப்பதுபோல் இதைச் சமைத்துவிடாதீர்கள்! கஷாயமும் வேண்டாம். உடம்பைப் பாதிக்கக்கூடிய காரப்பொருள்கள் இதில் உள்ளன.

உண்மையில் இது பெரணியும் அல்ல, பாசியும் அல்ல. பூவும் விதையும் இல்லாத மிகப் பழைய வம்சம். இதன் உறவினர் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் 30 மீட்டர் உயர மரங்களாகச் சதுப்பு நிலங்களில் நின்றார்கள். இங்கிலாந்தின் நிலக்கரியில் பெரும்பங்கு அவர்கள் உடம்புதான். நம் மேட்டில் நிற்பவர் முழங்காலோடு நின்றுவிட்டார்.

கதிரிலிருந்து உதிரும் வித்துத்தூளைத் தூவி வளர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் நடக்கிற காரியமல்ல. தூள் முளைத்தால் முதலில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பச்சைத் துணுக்குதான் வரும். அதனோடு ஒரு பூசணமும் கூட்டுச் சேர்ந்து வாழ வேண்டும். அதிலிருந்துதான் செடி பிறக்கும்.

ஆகவே, செடியே காட்டும் வழியைப் பாருங்கள். இதன் படர்தண்டு வில்லாக வளைந்து வளைந்து போகும். தரையைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, மறுபடி எழும்பும். அடியில் ஓட்டை போட்ட அகலமான டின் ஒன்றில் அந்த மேட்டு மண்ணையே நிரப்பிக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் சிறிது ஆற்றுமணல் கலக்கலாம். வளைந்து வரும் நுனி தொடுகிற இடத்தில் டின்னைப் புதைத்து, நுனியை வளைத்த கம்பியால் மண்ணோடு அழுத்துங்கள். தாய்ச்செடியை வெட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் புது நுனி நீளும். மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்புத் தெரிந்தால் மட்டும் தொடர்பை வெட்டுங்கள்.

வீட்டில் காலை வெயில் படும் இடம் நல்லது. டின்னை ஒரு தட்டில் வைத்து, விரற்கடை அளவு மழைத்தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். மாட்டெரு, உரம், அடுப்புச் சாம்பல் எதுவும் கூடாது. புளித்த, சத்தற்ற மண்ணில் வாழப் பழகிய செடிக்கு நாம் கொடுக்கும் விருந்தே வினையாகிவிடும். அந்தத் தாயாரின் செடிகளுக்கும் அதுதான் நேர்ந்திருக்கும். வேர் அறுந்த செடிக்கு எரு வேறு!

இயந்திரம் வரும் நாள் நெருங்கிவிட்டதென்றால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. ஏற்கெனவே வேர்விட்ட ஒரு வளைவைத் தேடி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, சாண் ஆழம் மண்ணோடு மண்வெட்டியால் பெயர்த்தெடுங்கள். மண் உதிராமல் சாக்கில் கட்டி, அன்றைக்கே டின்னில் இறக்குங்கள். ஒன்றோடு நிற்காமல் மூன்று நான்கு இடங்களில் எடுங்கள். எல்லாம் பிழைக்காது. முதல் மாதம் சில கிளைகள் பழுத்து விழும். வளைவின் நுனி பச்சையாக இருக்கும்வரை தூக்கி எறிய வேண்டாம்.