கேள்விக்குறிக்குப் பின்னால் ஒளியாதீர்கள்!

‘கொல்லிமலைக்குப் போனவர்கள் திரும்புவதில்லையா?’

காரவள்ளி அடிவாரத்தில், ஒரு பெட்டிக்கடை வாசலில், சென்ற வாரம் தொங்கிய போஸ்டர் இது. எந்தப் பத்திரிகை என்பது இருக்கட்டும். இந்த ரகத் தலைப்புகளை நீங்களும் வாரம் தவறாமல் பார்க்கிறீர்கள். அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதே எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பஸ் ஒன்று எதிரே நின்றது. பலாப்பழமும் கையுமாக ஒருவர் இறங்கினார். பேத்தியைக் கையில் பிடித்தபடி ஒரு பாட்டி இறங்கினார். எல்லோரும் கொல்லிமலைக்குப் போய்த் திரும்பியவர்கள்தான். போஸ்டரை ஒட்டியவர் பத்து நிமிடம் அங்கே நின்றிருந்தால் விடை தெரிந்திருக்கும்.

அந்தத் தலைப்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு மலையேறிய கூட்டம் மொத்தமும் மேலேயே தங்கியிருக்கும். விழாவைத் தொடங்கி வைக்கப் போன அமைச்சர்களும் கலெக்டர்களும் அறப்பளீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் வருடக்கணக்காகப் பந்திக்குக் காத்திருப்பார்கள். ஆகாயகங்கையில் குளிக்கப் போனவர்களின் ஈரத் துண்டு இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். மலை மிளகும் காபியும் அன்னாசியும் சந்தைக்கு வந்தே இருக்காது.

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் எனக்குக் கோபமும் வருகிறது. கோபம் அந்தப் பொய்யின் மேல் அல்ல. அதன் வாலில் தொங்கும் கேள்விக்குறியின் மேல்.

பத்திரிகைகள் தவறு செய்வது புதிதல்ல. 1948 நவம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த படம் இன்றும் உலவுகிறது. பத்திரிகைகள் மட்டுமா? 1979 மார்ச் 22 அன்று, ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். வானொலி சொன்னது, அவை இரங்கல் தெரிவித்தது. ஜே.பி.யோ பம்பாயில் ஒரு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்! அவர் மறைந்தது அக்டோபர் 8-ல்தான். இவை பெரிய தவறுகள். ஆனாலும் கேள்விக்குறி இல்லாமல் சொன்னதால் சொன்னவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று, வெட்கப்பட வேண்டியதாயிற்று.

கேள்விக்குறி போட்டவனுக்கு அந்தக் கவலை இல்லை. ‘நான் கேட்டேன், அவ்வளவுதான்’ என்று நழுவிவிடலாம்.

1962 பிப்ரவரியில் எட்டு கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியுமா என்ற கேள்வியில் நாடு முழுக்க யாகம் வளர்த்தார்கள். உலகம் மறுநாளும் விடிந்தது. 1979 ஜூலையில் ‘ஸ்கைலாப் விண்வெளி நிலையம் நம் தலையில் விழுமா?’ என்ற பீதி. எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துத் தின்ற குடும்பங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஸ்கைலாப் போய் விழுந்தது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும். எஸ்பரன்ஸ் என்ற சிற்றூரின் உள்ளாட்சி மன்றம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. இங்கே நம் ஊர்க் கோழிகளுக்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை. 2012 டிசம்பர் 21-லும் அதே கதைதான். உலகமே அழியப் போகிறது, அரையாண்டுத் தேர்வுக்கு எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது பாவம் பெற்றோர்தான்.

உலகம் அழிவது பற்றிய கேள்விக்குறிக்கு ஆயுள் ஒரு நாள். விடிந்தால் பொய் என்று தெரிந்துவிடும். ஓர் ஊரைப் பற்றிய கேள்விக்குறி அப்படியல்ல. அது ஒட்டிக்கொண்டுவிடும். கொல்லிமலை என்றால் மாந்திரீகம், மர்மம், மரணம் என்று எழுதி எழுதி, அந்த மலையிலிருந்து படிக்க வரும் பெண்ணிடம் விடுதியில் முதல் நாளே ‘உங்க ஊர்ல சூனியம் வைப்பாங்களாமே?’ என்று கேட்க வைத்துவிட்டோம். அவள் பதினேழு வயதில் தன் ஊருக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

அந்த மலையில் உண்மையிலேயே தலைப்புக்குரிய செய்தி ஒன்று நடந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மரவள்ளிக்கு மாறின. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போனது, தானியம் வீட்டு அடுப்பிலிருந்து மறைந்தது. பாரம்பரிய விதைகளைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மக்களோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தது. விதையைப் பொத்திப் பொத்திக் காத்த மலைவாழ் பெண்கள் எத்தனை பேர்! 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அப்போதாவது ‘சாமையைக் காத்தவர்கள்’ என்று காரவள்ளிக் கடையில் ஒரு போஸ்டர் தொங்கியிருந்தால், மலையேறும் பத்துப் பேரில் நாலு பேர் மர்மத்தைத் தேடாமல் சாமை அரிசியைத் தேடியிருப்பார்கள். விளைவித்தவர் கையில் நாலு காசு சேர்ந்திருக்கும். வராத தலைப்புக்கும் விளைவு உண்டு ஐயா!

எனவே பத்திரிகை நண்பர்களே, கேள்விக்குறி போடும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். விடை கிடைத்தால் விடையைப் போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் செய்தி இன்னும் பழுக்கவில்லை என்று பொருள், காத்திருங்கள். வாசகர்களே, கேள்விக்குறியோடு தொங்கும் போஸ்டரைப் பார்த்துக் காசை எடுக்காதீர்கள்.

இந்த இதழின் அட்டைத் தலைப்பில் இந்த வாரம் முதல் கேள்விக்குறி இருக்காது. இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்; மறு வாரமே, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் விடையைப் போடுவோம்.