அறுவடை மெஷின்காரர்களும் நமது கடைகளும்

அரிசி விலையைப் பற்றிப் பேசும்போது நாம் மழையைச் சொல்கிறோம், மேட்டூர்த் தண்ணீரைச் சொல்கிறோம், மில்காரரைச் சொல்கிறோம். வயலிலிருந்து நெல்லை எடுத்துத் தருகிற அறுவடை மெஷின்காரர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நமது டெல்டா கடைவீதிகளில் அவர்களை நடத்துகிற விதமும் திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பு. தை, மாசியில் சம்பா, தாளடி. இரண்டு அறுப்புக்கும் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கமிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் மெஷின்கள் தஞ்சை, திருவாரூர், நாகைக்கு வருகின்றன. ஈர வயலில் இறங்குகிற செயின் வண்டி ரோட்டில் தூரம் ஓடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். கூட வருவது ஒரு டிரைவர், உதவிக்கு ஒருவர் இருவர். இங்கே முடிந்தால் வேறு மாவட்டம், வேறு மாநிலம். சீசன் முடியும் வரை வீட்டு முகம் பார்ப்பது அரிது.

வாடகை மணிக்கணக்கு. நேரம் ஓடுகிறதே என்று வயல்காரர் அவசரப்படுத்துவார். அடுத்த வயல்காரர் வரப்பிலேயே காத்து நிற்பார். வண்டி பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குக் கமிஷன், முதலாளிக்குத் தவணை. பயிர் மழையில் சாய்ந்திருந்தால் நேரமும் கூடும், சண்டையும் கூடும். பனி காய்ந்த பிறகு அறுப்பதே முறை. வானம் இருட்டினால் ராத்திரியிலும் விளக்குப் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். நாள் முழுக்கத் தூசியும் சுணையும். பெல்ட் அறுந்தால் அந்த நேரத்துக்கு வாடகை கிடையாது. டவுனுக்கு ஓட வேண்டும்.

இந்த அவசரம் கடைசியில் நம்மிடம்தான் வந்து சேர்கிறது. ஈரத்தோடு அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத விதியில் சிக்கி, ரோட்டில் காய்கிறது. கதிரடிக்கும் டிரம்மை அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றவிட்டால் மணி அடிபடும். மில்லில் நொய் கூடும். நொய் கூடின மூட்டையை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவது டிரைவரிடம் அல்லவே!

ஆட்கள் அறுத்த காலத்தில் கூலி நெல்லாகக் கிடைத்தது. அதை மரக்காலில் அளந்து கொடுத்து உப்பு, புளி, மண்ணெண்ணெய் வாங்கிப் போவார்கள். கடை மூலையில் நெல் குவிந்திருக்கும். அந்த வரவு போயிற்றே என்று வருந்துகிறவர்கள் நம்மில் உண்டு. வருத்தம் நியாயமே. அதற்காக மெஷினோடு வருகிறவர் மேல் கோபிப்பானேன்? அவரும் கூலிக்காரர்தான்.

வரப்போரம் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாம் நம் கடைகளில்தான் வாங்குகிறார்கள். ‘வெளியூர்க்காரர், நாலு நாளில் போய்விடுவார்’ என்று விலை ஏற்றுகிற கடைகளும், நிற்கிற சரக்கைத் தள்ளிவிடுகிற கடைகளும் இருக்கின்றன. அதே வண்டி தையில் மறுபடி வருமே! 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. 27-ஆம் தேதியே மத்திய உள்துறை, அறுவடை மெஷின்கள் மாநிலம் விட்டு மாநிலம் போக விலக்கு அளித்தது. மளிகைக் கடைக்கும் விலக்கு இருந்தது. அந்த நாளில் நாமும் அவர்களும் ஒரே வரிசையில்தான் இருந்தோம்.

ஊர்க்காரர் பற்றை ஆறு மாதம் சுமக்கிற நாம், இவர் ஒரு வாரப் பற்றுக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். நெல் பணம் வந்ததும் வாடகை தருகிறேன் என்று வயல்காரர் நிறுத்திவைப்பதால்தானே கேட்கிறார்? அந்த வயல்காரர் நமக்குத் தெரிந்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயரிலேயே பற்று எழுதி, வாடகையில் கழித்துக்கொள்ளச் செய்யலாம். ஊர்க்காரருக்கு என்ன விலையோ அதே விலை. உதிரிபாகக் கடைக்காரர்கள் முறை வைத்து ராத்திரி ஒரு கடையாவது திறந்திருக்க வேண்டும்.

குறுவை அறுப்புக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறோம். பற்று விஷயத்தில் மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் அங்கே வந்து சொல்லலாம்.