நாய்க்கு ஊசி, நமக்கு அரண்

திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்ட கதையை நாம் அனைவரும் பாட நூலில் படித்திருக்கிறோம். அந்தப் பசுவுக்கு இழுப்பதற்கு ஒரு கயிறு இருந்தது; கேட்பதற்கு ஒரு மன்னன் இருந்தான். நம் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அடுப்படியில் சுருண்டிருக்கும் பூனைக்கும் அத்தகைய மணி ஏதும் இல்லை. காய்ச்சல் கண்ட பூனை கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ ஒளிந்துகொள்ளும். நோயுற்ற நாய் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். "இரண்டு நாளாக என்னவோ போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

"நாய் பூனைக்கெல்லாம் வைத்தியமா?" என்று வியப்போர் நம்மிடையே பலர். பசுவுக்கு வயிறு உப்பினால் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். பசு பால் தருகிறது. சந்தையில் விலை போகிறது. அதனால்தானோ என்னவோ, அந்த இடத்துக்கே "மாட்டாஸ்பத்திரி" என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாயை விற்றால் காசு வராது; ஆகவே அதற்கு வைத்தியமும் வேண்டாம் என்பது பலருடைய கணக்கு. "மனிதருக்கே மருந்து வாங்க வழியில்லாதபோது நாய்க்கு எதற்கு?" என்பது வேறு சிலருடைய வாதம். வறுமையை அறிந்த எவரும் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் நாயின் வைத்தியமும் மனிதரின் வைத்தியமும் தனித்தனி அல்ல. நாய்க்குச் செய்யும் வைத்தியம் குழந்தைக்கும் செய்யும் வைத்தியமே என்பதுதான் நாம் இங்கே கூற விரும்புவது.

வெறிநோயையே எடுத்துக்கொள்வோம். நோய் கண்ட நாயின் உமிழ்நீர் வழியாகப் பரவும் இந்நோய், அறிகுறிகள் தோன்றிய பின் அநேகமாக எவரையும் உயிரோடு விட்டதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாய் கடித்து இறப்போரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். தெருவில் விளையாடுவோரும், குட்டியைக் கையில் எடுத்துக் கொஞ்சுவோரும், பள்ளிக்கு நடந்து செல்வோரும் அவர்கள்தாமே! அடி விழுமோ என்ற அச்சத்தில் கடிபட்டதை வீட்டில் மறைப்போரும் அவர்களே.

கடிபட்டவர் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். காயத்தின்மேல் மிளகாய்ப் பொடியோ சுண்ணாம்போ காப்பித் தூளோ வைக்கலாகாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லி அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாடு 2004இல் கைவிட்டது. இன்று புயத்தில் போடும் சில ஊசிகளே போதும். அரசு மருத்துவமனைகளில் அவை இலவசம். கடி ஆழமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டு. நாய் சிறு குட்டிதானே, கீறல்தானே என்று எவரும் இருந்துவிட வேண்டாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்திக் காப்பாற்றினார். அன்று தொடங்கிய அறிவியலின் பயன் இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது.

ஆனால் கடித்த பின் மனிதருக்கு ஊசி போடுவது, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பின் தண்ணீரை இறைப்பதைப் போன்றது. கரையை உயர்த்துபவர் கால்நடை மருத்துவரே. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். நாய்களைக் கொன்று குவிப்பதால் அச்சங்கிலி அறுவதில்லை. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேர்ந்துவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கோவா மாநிலத்தில் 2013 முதல் ஆண்டுதோறும் வலையும் ஊசியுமாகத் தெருத் தெருவாகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போட்டனர். பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபது என்ற அளவை எட்டினர். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே மனிதர் ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. மருத்துவரும் அரசும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வேலையில் கை கோத்ததன் பலன் அது.

நிற்க. வெறிநோய் ஒன்றுக்காக மட்டும் நாம் மருத்துவரை நாடினால் போதாது. குட்டி நாய்கள் இரத்தமாகக் கழிந்து இரண்டொரு நாளில் மாய்வதைப் பலர் கண்டிருப்பர். பார்வோ என்னும் அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குட்டி பிறந்து ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒரு முறை அதனைப் போடுவார்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில். பின்னர் மருத்துவர் சொல்லும் தவணைப்படி. வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் வேண்டும், ஏனெனில் நாயின் குடற்புழுக்கள் சில, மண்ணில் விளையாடும் பிள்ளைகளையும் தொற்றும்.

அன்பினால் செய்யும் தீங்கும் ஒன்று உண்டு. பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று நமக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் பாலில் கலந்து கொடுப்போர் இருக்கின்றனர். பூனையின் உடல் அம்மருந்தைச் செரித்து வெளியேற்ற இயலாதது. ஒரே மாத்திரை அதன் உயிரைக் குடிக்கப் போதும். நாய்க்குச் சாக்லேட்டும் வெங்காயமும் அவ்வாறே ஆகாதவை. இரக்கம் இருந்தால் மட்டும் போதாது. அதற்குக் கண்ணாக அறிவும் வேண்டும்.

பெண் பிள்ளைகளாகிய நாம் மனம் நோகும் செய்தி ஒன்றும் உண்டு. குட்டிகள் பிறந்ததும் புரட்டிப் பார்த்து, கடுவன் என்றால் வைத்துக்கொண்டு, பெட்டை என்றால் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. "பெட்டை வளர்த்தால் வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், யார் பார்ப்பது?" என்பது காரணம். அதற்கு மருந்து சாக்கு அல்ல. மருத்துவர் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சை. சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தார் 1964இலேயே தெரு நாய்களுக்கு இதனைச் செய்யத் தொடங்கிவிட்டனர். பெண்ணாய்ப் பிறந்ததே குற்றம் என்னும் எண்ணம் எந்த உயிரின்பால் காட்டப்பட்டாலும் அது நம் கண்ணில் உறுத்த வேண்டும்.

பெற்றோருக்குள்ள இடர்ப்பாடுகளை நாம் அறியாமலில்லை. மருந்தகம் தொலைவில் இருக்கும். பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் ஒரு நாள் கூலியாகும். மருத்துவர் ஒருவர், வாசலில் காத்திருக்கும் மாடுகளோ பல. ஆகவே வீட்டாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தடுப்பூசியே தெருவுக்கு வர வேண்டும். போலியோ சொட்டு மருந்துக்கு முகாம் போட்டு இந்நாட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள் அன்றோ? அதுபோல் ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் ஆண்டுக்கு ஒரு நாள் முகாம் வைத்து, வீட்டு நாயோடு தெரு நாய்க்கும் ஊசி போட வேண்டும். கேட்காமல் எதுவும் வராது. கேட்பது நம் கடமை.

இப்பணியைச் செய்ய நம்மில் சிலரே ஏன் முன்வரலாகாது? கால்நடை மருத்துவத்துக்கென உலகின் முதற்பள்ளி 1761இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் தொடங்கியது. நம் சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் பிறந்தது. பெண்களுக்கு மட்டும் இக்கதவு எளிதில் திறக்கவில்லை. அயர்லாந்தில் பிறந்த எலீன் கஸ்ட் அம்மையாருக்கு, பெண் என்ற ஒரே காரணத்தால் 1897இல் தேர்வெழுதும் அனுமதி மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, படிப்பை முடித்து, பட்டயம் இல்லாமலே அயர்லாந்தின் கிராமங்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1922இல்தான் பட்டயம் அவர் கைக்கு வந்தது. அவர் காத்துக் கிடந்த கதவு இன்று நமக்குத் திறந்தே இருக்கிறது.

அன்புத் தோழியரே, ஆண்டுதோறும் செப்டம்பர் 28, பாஸ்டர் மறைந்த நாள், உலக வெறிநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்நாளில் ஒவ்வொருவரும் தம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அப்பாவையோ அண்ணனையோ மருந்தகத்துக்கு அனுப்புவோம்; நாமும் உடன் செல்வோம். வகுப்புக்கு ஒரு பட்டியல் எடுத்து நம் சகோதரிகளின் வழியாக ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினால், முகாமே பள்ளி வாசலுக்கு வரக்கூடும். தம்பி தங்கையருக்கு ஒன்றை மட்டும் சொல்லி வைப்போம்: "நாய் கடித்தாலும் கீறினாலும் மறைக்காதே, உடனே சொல், யாரும் அடிக்கமாட்டோம்." அச்சொல்லை வீட்டுப் பெரியவர்களும் காப்பாற்றுவார்களாயின், எங்கோ ஒரு குழந்தையின் உயிர் பிழைக்கும்.