பூட்டு இல்லாத சின்னக் கத்தி போதும்

ஒக்டோபர் வந்துவிட்டால் சுவிஸில் பேர்ண், சூரிச் பக்கமெல்லாம் அடிக்கடி மூடுபனிக்குக் கீழே கிடக்கும். மலையில் கொஞ்சம் மேலே ஏறினால் நல்ல வெயில். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் நடந்தால், பாதையோரத்தில் கல் அடுக்கி நெருப்பு மூட்ட ஒரு இடம் இருக்கும். சில இடங்களில் விறகுகூட அடுக்கி வைத்திருப்பார்கள். கத்தி இல்லாமல் அங்கே போனால் பக்கத்துக் குடும்பத்திடம் இரவல் கேட்டுத்தான் நிற்க வேணும்.

என்ன கத்தி வாங்கலாம் என்று கேட்கிற தம்பிமார் அநேகமாக ஒரு படத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள். கறுப்பு நிறம், ஒரு கையால் திறபடும், திறந்ததும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அது வேண்டாம்.

ஒரு நாள் நடையில் கத்திக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். அப்பிள் வெட்ட வேணும், சீஸ் வெட்ட வேணும், பாணைப் பிளக்க வேணும். காலில் கொப்புளம் வந்தால் பிளாஸ்டரை அளவாக நறுக்க வேணும். நெருப்பில் வாட்டுகிற கஸ்தானியக் கொட்டைக்கு முதலில் ஒரு கீறல் போட வேணும், இல்லாவிட்டால் வெடிக்கும். பிறகு செர்வெலா. அந்தக் கட்டைச் சொசேச்சின் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி வெட்டிவிட்டால், வேகும்போது நாலு காலாக விரிந்து மொறுமொறுப்பாக வரும். (அதில் மாட்டிறைச்சியும் சேரும். வீட்டில் அது ஆகாது என்றால் சோளப்பொத்தி கொண்டுபோங்கள்.) அதைக் குத்துகிற தடியின் நுனியையும் சீவ வேணும். இந்த வேலைகளில் ஒன்றுக்குக்கூட ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் அலகு தேவையில்லை.

அதனால் எனக்குப் பிடித்தது விக்டோரினொக்ஸின் பான்டம். மூடினால் 84 மில்லிமீற்றர், எடை 30 கிராம் அளவு. ஒரு அலகு, போத்தலும் தகரமும் திறக்க ஒரு கருவி, பிடிக்குள் பல்லுக்குச்சியும் முள்வாங்கியும். முள்வாங்கியைக் குறைவாக எடைபோடாதீர்கள், காட்டுவழியில் கத்தியைவிட அதுதான் அவசரத்துக்கு உதவும். வேலை நாட்களில் என் சாவிக்கொத்தில் தொங்குவது அதைவிடச் சின்னது, 58 மில்லிமீற்றர் கிளாசிக். பார்சல் பிரிக்க, நகம் தேய்க்க, நூல் வெட்ட அது போதும். அதன் கத்தரிக்கோல்தான் அதில் உண்மையான கருவி, அலகு சும்மா துணைக்கு.

இரண்டிலும் பூட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் இந்த வகையை வில்லுக்கத்தி என்பார்கள், பொறியியல் கண்ணோடு பார்த்தால் மிகச் சரியான பெயர். முதுகில் இருக்கிற வில்லின் அழுத்தம் மட்டும்தான் அலகைத் திறந்தபடி பிடித்திருக்கிறது. குத்தினால் மடங்கி விரலில் வந்து விழும். அதனால் குத்தாமல் இழுத்து வெட்டத்தான் கை பழகும், சாப்பாட்டு வேலைக்கு வேண்டியதும் அதுதான்.

பிரான்சின் ஒபினெலும் நல்ல கத்தி, மரப்பிடி கைக்கு இதமானது. ஆனால் மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகு இறுகிவிடும், காபன் உருக்கு என்றால் அப்பிள் சாறு பட்டே கறுக்கும். 6ஆம் இலக்கத்திலிருந்து மேலே உள்ளவற்றில் அலகைப் பூட்டுகிற வளையமும் உண்டு. வீட்டில் அது வசதி, எல்லை தாண்டினால் தலையிடி.

அதுதான் நான் சொல்ல வந்த முக்கிய விசயம். சுவிஸ் ஆயுதச் சட்டம் இராணுவப் பொக்கற் கத்தியையும் அதைப் போன்றவற்றையும் ஆபத்தான பொருளாகக் கருதுவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைச் சரியான காரணமில்லாமல் கொண்டுதிரிவது ஜேர்மனியில் தடை. எங்கள் பெடியள் சுவிஸ் இராணுவப் பயிற்சிக்குப் போனால் கையில் கிடைக்கிற 2008ஆம் ஆண்டு மாதிரிக் கத்திக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் வெட்டுமுனை மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. லண்டனில் இருக்கிற உங்கள் மச்சானுக்கு இங்கிருந்து கத்தி பரிசாக வாங்கும்போது இதை மறக்காதீர்கள். பறக்கிறதென்றால் அதைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிடுங்கள்.

சட்டம் ஒரு பக்கம். எங்கள் தோல் நிறத்தில் ஒரு இருபது வயதுப் பெடியனின் பொக்கற்றிலிருந்து கறுப்புக் கத்தி ஒன்று வந்தால் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? அது நியாயமில்லை என்று நானும் சொல்வேன். ஆனால் அந்த நியாயத்தைப் பொலிஸ்காரரோடு பிளாட்போமில் நின்று கதைக்க நான் விரும்பவில்லை. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சின்னக் கத்தியைக் கண்டு இந்த நாட்டில் யாரும் விலகி நிற்பதில்லை, அடுத்து தங்களுக்கும் தரச் சொல்லித்தான் கேட்பார்கள். கத்தி தெரிவு செய்யும்போது உருக்கின் தரத்துக்குச் சமமாக இதையும் நான் பார்க்கிறேன். பாடசாலைக்கும் இரவுக் கொண்டாட்டங்களுக்கும் அந்தச் சின்னதும் வேண்டாம், அங்கே வெட்ட அப்பிள் இல்லை.

கத்தி என்றாலே பயப்படுகிற அம்மாமாருக்கு ஒரு யோசனை: பிள்ளையின் முதல் கத்தியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். விக்டோரினொக்ஸில் நுனி மழுங்கிய சிறுவர் கத்தியே உண்டு. இருந்துகொண்டு, உடம்புக்கு வெளிப்பக்கமாகத் தடி சீவப் பழக்குங்கள். எழும்பி நடக்க முதல் மடிக்கச் சொல்லுங்கள்.

கூராகவும் வைத்திருங்கள். மொட்டைக் கத்தியை அழுத்த அழுத்தத்தான் அது வழுக்கிக் கையில் ஏறும். விக்டோரினொக்ஸ் உருக்கு அவ்வளவு கடினமானதல்ல, சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடம் தீட்டினால் போதும். செர்வெலாக் கொழுப்பு ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், குளிருக்கு உறைந்துவிடும்.