தொட்டியில் மின்னிய நீல ஒளி

கழுவு தொட்டியில் தண்ணீரைக் கொட்டினார். நோபல் பரிசு கிடைத்துவிட்டது!

ஜப்பான் விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுராவைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. எல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள். இது நியாயமான பேச்சு அல்ல.

1961-ம் ஆண்டு கோடைக் காலம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு தீவு. அங்கே பிரைடே ஹார்பர் கடல் ஆராய்ச்சிச் சாலைக்கு ஷிமோமுரா வந்தார். அவரை அமெரிக்காவுக்கு அழைத்த பேராசிரியர் பிராங்க் ஜான்சனும் உடன் வந்தார்.

அந்தக் கடலில் ஒருவகை ஜெல்லி மீன் உண்டு. குடை போன்ற உடல். சீண்டினால் குடையின் ஓரம் பச்சையாக ஒளிவிடும். அந்த ஒளியைத் தரும் பொருளைத் தனியே எடுக்க வேண்டும். அதுதான் வேலை.

லூசிபெரின், லூசிபெரேஸ் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தால்தான் உயிர்களில் ஒளி பிறக்கும் என்பது அந்நாளையப் பாடம். அந்த முறைப்படியே செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. வேறு வேறு வழிகளில் முயன்றார்கள். அதுவும் பலிக்கவில்லை.

பழைய பாடத்தையே கைவிடலாம் என்றார் ஷிமோமுரா. ஜான்சன் ஒப்பவில்லை. ஒரே மேஜையில் இந்தப் பக்கம் பழைய முறை. அந்தப் பக்கம் புது முறை!

பெயர் தந்த முறை

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பழைய பாடத்தால் பெயர் பெற்றவரே ஷிமோமுராதான். 1956-ல் ஜப்பானில், ஒரு சின்னஞ்சிறு கடல் பிராணியின் லூசிபெரினைப் படிகமாக்கிக் காட்டியவர் அவர். தனக்குப் பெயர் வாங்கித் தந்த முறையையே தள்ளிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவர் படகில் போய்க் கடலில் மிதந்தபடி யோசித்தார். கண் அயர்ந்தால் நீரோட்டம் படகை இழுத்துப் போய்விடும். வெகுநேரம் துடுப்புப் போட்டுத் திரும்புவார்.

அப்படி மிதந்தபோதுதான் யோசனை பிறந்தது. எரிகிற விளக்கிலிருந்து எண்ணெய் எடுக்கப் பார்த்தால், எடுப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடாதா? முதலில் விளக்கை அணைக்க வேண்டும். எந்த முறையில் ஒளி பிறந்தாலும் அதில் ஒரு புரதம் இருக்கும். புளிப்பு ஏறினால் புரதத்தின் வேலை நிற்கும்.

கரைக்கு வந்து செய்து பார்த்தார். ஜெல்லி மீனைப் பிழிந்த நீரில் புளிப்பை ஏற்றினார், ஒளி அணைந்தது. வடிகட்டிச் சோடா உப்பைச் சேர்த்தார்; ஒளி திரும்பியது. நம் வீட்டில் ஆப்ப மாவில் போடும் அதே சோடா உப்புத்தான்!

வென்றது இங்கேதான். தொட்டியில் கொட்டியது இதற்குப் பிறகு. கொட்டியதும் தொட்டி முழுவதும் நீல ஒளி மின்னியது. மீன் வளர்க்கும் தொட்டியிலிருந்து வழிந்த கடல் நீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துத்தான் ஒளியைத் தூண்டுகிறது என்று விரைவில் கண்டுகொண்டார். அந்தச் சத்தைக் கட்டிப் போட்டுவிட்டால், ஒளி வீணாகாமல் பொருளைப் பிரிக்கலாம்.

பிறகு கூலி வேலைதான். அந்தக் கோடையில் சுமார் 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்தார்கள். கிடைத்த பொருள் சில மில்லிகிராம். அதற்கு ஈக்குவோரின் என்று பெயர். கூடவே பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் அகப்பட்டது. அதைக் கண்டதற்காக 2008-ல் வேறு இருவருடன் ஷிமோமுராவுக்கு நோபல் பரிசு வந்தது.

ஜான்சனையும் சொல்லத்தான் வேண்டும். தம் பேச்சை மறுத்த இளைஞரை அவர் மேஜையை விட்டு விரட்டவில்லை. 1962-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் ஷிமோமுரா பெயர் முதலில் இருக்கிறது; ஜான்சன் பெயர் அடுத்து இருக்கிறது.