எவர் தட்டில் குறைப்பது?

1958ஆம் ஆண்டில் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டையில் நண்பகல் மணி ஒலித்ததும் பட்டறை நிழலில் தூக்குச்சட்டிகள் திறக்கப்படுகின்றன. அவற்றில் சோறே மிகுதி. ஓரத்தில் ஒரு துண்டுக் கருவாடோ பாதி முட்டையோ இருந்தால் அது நல்ல நாள். சற்றுத் தொலைவிலுள்ள குளிரூட்டப்பட்ட உணவகத்தில் ஒருவர் ஒருவேளைக்கு உண்ணும் இறைச்சி, அத்தொழிலாளியின் ஒரு வார அளவையும் விஞ்சிவிடும். புவியைக் காக்க இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்னும் அறிவுரை இவ்விருவர்க்கும் ஒரே குரலில் சொல்லப்படுவதுதான் சிக்கல்.

அவ்வறிவுரை அடிப்படையற்றதன்று. உலகப் பசுங்குடில் வளிகளில் கால்நடை வளர்ப்பின் பங்கை உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2006இல் 18 விழுக்காடு என்றது. 2013இல் அதனை 14.5 எனத் திருத்தியது. எண் மாறினும் சுமை சிறிதன்று. அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கிலோவிற்கு மேல் இறைச்சி கிடைக்கிறது. இந்தியருக்கோ பத்துக் கிலோவும் இல்லை.

2019இல் 16 நாடுகளைச் சேர்ந்த 37 அறிஞர்கள் அடங்கிய 'ஈட்-லான்செட்' குழு, உலகினர்க்கெல்லாம் பொதுவான உணவு அளவொன்றை வகுத்தது. நாளொன்றுக்குச் செவ்விறைச்சி 14 கிராம், கோழி 29 கிராம், மீன் 28 கிராம், முட்டை 13 கிராம். இம்முட்டைக் கணக்கு வாரத்திற்கு ஒன்றரை முட்டையாகும். தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் 1989இல் நுழைந்த முட்டை, இன்று வாரத்திற்கு ஐந்தாக வளர்ந்துள்ளது. உலக அளவுகோலை அப்படியே பொருத்தினால் அம்மாணவனின் தட்டிலிருந்து மூன்று முட்டைகளுக்கு மேல் எடுத்துவிட நேரும்! தானியத்தையே நம்பி வாழும் ஏழையர்க்கு முட்டை முதலியன நலம் பயக்கும் என்பதை அக்குழுவே ஏற்றுள்ளது. எனினும் அறிக்கை செய்தியாகச் சுருங்குகையில் முதலில் உதிர்வது இத்தகைய விதிவிலக்கே. அவ்வுணவின் விலை, உலகில் குறைந்தது 158 கோடிப் பேரின் வருவாயை மிஞ்சுவதாகப் பின்வந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். இந்நாட்டில் மாடும் எருமையும் பெரிதும் பாலுக்காகவே வளர்க்கப்படுகின்றன. அவை வெளிவிடும் மீத்தேனுக்குத் தயிர்ச்சோறும் பொறுப்பேற்க வேண்டும். நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேனை வெளியிடுகிறது. ஆகவே புலால் உண்ணாமையை மட்டும் புவிநலம் எனக் கொள்வது அறிவியலாகாது. உணவைக் கொண்டு மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்த பழைய வழக்கம், சூழலியல் என்னும் புத்தாடை உடுத்தி வருமாயின் அதனை அடையாளங்காணும் தெளிவும் வேண்டும். அறத்தின் பொருட்டுப் புலால் மறுப்போரின் நிலைப்பாடு வேறு. அதற்குக் கரியமிலக் கணக்கின் துணை தேவையில்லை.

குறைக்க வேண்டியவர் மிகுதியாக உண்பவரே. 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றை ஒரே பிரிவில் வைத்து, நாளொன்றுக்கு 85 கிராம் என்கிறது. எதனை உண்பது என்பதை உண்பவரிடமே விடுகிறது. இது நேரிய அணுகுமுறை. ஆனால் அந்த 85 கிராம் எங்கிருந்து வரும்? நியாயவிலைக் கடையில் மாதந்தோறும் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நால்வர் பகிர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராமே தேறும்.