கதவிலே ஒரு கீறல்!

தோழனே!

மேடையிலே முழங்குவது எளிது. தெருவிலே வாய் திறப்பது கடினம். இந்த உண்மையை நான் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. கற்றுக்கொடுத்த ஆசான் பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். மிதிவண்டியின் இருபுறமும் இளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டு வந்த ஒரு முதியவர். பள்ளிக்கூடம், சிறுசேரிச் சாலை. பாடநூல், காரின் கதவிலே விழுந்த ஒரு சாண் நீளக் கீறல்!

சிறுசேரியை நீ அறிவாய். சென்னை மத்திய கைலாசத்தருகே புறப்பட்டு, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஓடி வந்து அங்கே மூச்சுவாங்குகிறது ஆறு வழிச் சாலை. பழைய மாமல்லபுரம் சாலை என்று வழங்கிய அதற்கு 2008ஆம் ஆண்டிலே ராஜீவ்காந்தி சாலை என்று பெயரிட்டார்கள். ஒருபுறம் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, கண்ணாடி மாளிகைகள், கழுத்திலே அடையாள அட்டை அணிந்த இளைஞர் கூட்டம். மறுபுறம் படூர், ஏகாட்டூர், தாழம்பூர் என்று பழைய ஊர்கள், பழைய மனிதர்கள், பழைய மிதிவண்டிகள். இரண்டு காலங்கள் ஒரே சாலையிலே உராய்ந்துகொண்டு செல்கின்றன. ஒரு நாள் அவை மெய்யாகவே உராய்ந்தன. அந்த உராய்வின்போது நான் உடனிருந்தேன்.

கேளம்பாக்கத்திலே பொதுக்கூட்டம். பேசி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் நண்பருடையது. முன்னிருக்கையிலே நான், என் காதிலே இன்னும் கைதட்டல். மனிதனுக்கு மனிதன் தாழ்வில்லை என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் அனல் பறக்கப் பேசியிருந்தேன்! தேநீர் அருந்தலாம் என்று நண்பர் வண்டியை இடப்புறம் ஒடித்தார். அதே இடப்புறம் வந்துகொண்டிருந்தது இளநீர் ஏற்றிய மிதிவண்டி. 'கிரீச்' என்றொரு ஓசை. பக்கவாட்டுக் கண்ணாடி தெறித்தது, கதவிலே கீறல், மிதிவண்டி சாய்ந்தது, இளநீர்க் காய்கள் சாலையிலே உருண்டன.

யார் மீது தவறு? அருகிலிருந்த எனக்கே அறுதியிட்டுக் கூற இயலாது. அவர் விலகியிருக்கலாம், இவர் பார்த்துத் திரும்பியிருக்கலாம். ஆனால், அந்தக் கேள்வி எழுமுன்பே விடை வந்துவிட்டது.

"கண்ணு தெரியலையா பெரியவரே? இது யார் வண்டி தெரியுமா? என்ன விலை தெரியுமா?"

நண்பர் கொடியவர் அல்லர், தோழனே! நல்லவர். ஆனால் அந்த நொடியிலே பேசியது அவரல்ல. இன்னும் கட்டி முடிக்கப்படாத கடன் தவணை!

முதியவர் எழுந்தார். எழுந்ததும் அவர் செய்த முதற் செயலை நான் சாகும்வரை மறவேன். உருண்டோடிய காய்களைப் பொறுக்கவில்லை. குருதி கசியும் தம் முழங்காலைப் பார்க்கவில்லை. தோளிலே கிடந்த துண்டை எடுத்தார். காரின் கதவைத் துடைத்தார்! தூசியைத் துடைப்பது போலக் கீறலைத் துடைத்துவிடலாம் என்று எண்ணினார் போலும்! "தெரியாமப் பட்டுடுச்சுங்க ஐயா, தெரியாமப் பட்டுடுச்சுங்க" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார்.

கூட்டம் கூடிற்று. கூடினால் நீதிமன்றம் அமைந்துவிடுமே! "ஐயாயிரம் ஆகும்" என்றார் ஒருவர். "பாவம், விட்டுவிடுங்கள்" என்றார் இன்னொருவர். "கார்க்காரனைத்தான் பிடிக்கவேண்டும்" என்றார் மூன்றாமவர். நான்காமவர் எதுவும் கூறவில்லை. கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். முதியவர் இடுப்பு மடிப்பை அவிழ்த்தார். கசங்கிய தாள்களையும் காசுகளையும் உள்ளங்கையிலே கொட்டினார். முந்நூற்று நாற்பது ரூபாய். அன்றைய விற்பனை முழுவதும் அதுதான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யவில்லை! நாடகம் எழுதுபவன் நான். அந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால், முன்னிருக்கையிலிருந்து இறங்கும் கதாநாயகனுக்கு இரண்டு பக்க வசனம் தந்திருப்பேன். மெய்யான தெருவிலே, வசனம் மறந்த நடிகனாய் நின்றேன்.

அப்போது ஒரு பெண் வந்தாள். கழுத்திலே அடையாள அட்டை, தோளிலே பை, பணி முடிந்து பேருந்துக்கு நிற்பவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையிலிருந்த தண்ணீரை முதியவரின் முழங்காலிலே ஊற்றினாள். "தாத்தா, அடி பலமாப் பட்டுச்சா?" என்று கேட்டாள்.

அத்தனை பேர் நின்ற இடத்திலே, காரைப் பற்றிப் பேசாமல் காலைப் பற்றிப் பேசிய முதற்குரல் அது! நண்பரின் தலை கவிழ்ந்தது. என் தலை அதற்கு முன்பே கவிழ்ந்துவிட்டிருந்தது. நீட்டிய உள்ளங்கையை மூடி, காசைத் திரும்ப மடியிலே முடியச் சொன்னோம். அவரைக் காரிலே ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். இரண்டு தையல். "வண்டி பத்திரமா இருக்குமாம்மா?" என்று அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டே வந்து ஏறினார். அவள் பேருந்தைத் தவறவிட்டு, மிதிவண்டிக்குக் காவல் நின்றாள்.

தோழனே! திருவாரூர்த் தேரின் கதையை அறிவாய். இளவரசனின் தேர்க்காலிலே கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. சோழ மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று பெரியபுராணம் பேசுகிறது. சிலப்பதிகாரத்திலே பாண்டியன் முன் நின்று வழக்குரைத்த கண்ணகியும் அந்தச் சோழனைத்தான் சான்றுக்கு அழைத்தாள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே இன்றும் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றுக்கு மகனை ஈடாகக் கொடுக்கும் தண்டனையை இக்காலத்தில் எவரும் வேண்டார், நானும் வேண்டேன். ஆனால் ஒன்றைக் கவனி! அந்தக் கதையிலே, தேர்ச் சக்கரத்திலே கீறல் விழுந்ததா என்று கேட்டவர் எவருமில்லை. முதற்கேள்வி, கன்றுக்கு என்ன ஆயிற்று என்பதே. பறம்பு மலைப் பாரி, படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை விட்டுச் சென்றான் என்று போற்றுகிறோம். அந்தத் தேரின் விலை என்ன என்று எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை!

"இதெல்லாம் பழங்கதை, சட்டம் என்ன சொல்கிறது?" என்பாய். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வராமையால் படித்துப் பார்த்தேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவு. விபத்திலே ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஆவன செய்வது வாகன ஓட்டியின் கடமை. தவறு யாருடையது என்று தீர்ப்பான பிறகு அன்று; உடனே! கூட்டத்தின் ஆவேசம் போன்று தன் கைமீறிய காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு என்கிறது அப்பிரிவு. பார்த்தாயா? நம் தெருக்கூட்டத்தின் சினம் சட்டப் புத்தகத்திலேயே இடம் பிடித்துவிட்டது! காயமுற்றவருக்கு நல்லெண்ணத்தோடு உதவ முன்வருபவரை வழக்கிலே சிக்கவைக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 134ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அந்தப் பெண்ணுக்கு அப்பிரிவு தெரிந்திருக்குமோ, என்னவோ! நெஞ்சம் அறிந்திருந்தது.

அடுத்தது, காசு. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, பிறர் பொருளுக்குக் கேடு விளைவித்தல் என்னும் குற்றத்துக்கு உள்நோக்கமோ, கேடு விளையும் என்ற அறிவோ வேண்டும். தெரியாமல் பட்ட கீறல் அந்தக் குற்றம் ஆகாது. அதற்கு ஈடு கேட்கலாம்; கேட்பது உரிமை. ஆனால் சாவியைப் பிடுங்குவதும், மிதிவண்டியைப் பிடித்துவைப்பதும், மிரட்டி மடியை அவிழ்க்கச் செய்வதும் உரிமை அல்ல. அவை அச்சுறுத்திப் பறிக்கும் குற்றத்தின் வாசற்படி. கீறியவர் குற்றவாளி அல்லர். பறிப்பவர் குற்றவாளி ஆகக்கூடும்!

"காப்பீடு இருக்கிறதே, அங்கே கேட்காமல் ஏன் தெருவிலே கேட்கிறார்கள்?" நல்ல கேள்வி. இங்கேதான் கணக்கு வருகிறது. பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு கட்டாயம். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு விருப்பம். விரும்பி எடுத்தவருக்கும் ஒரு தூண்டில் உண்டு. ஓராண்டு ஈட்டுத்தொகை கோராதிருந்தால், சொந்தச் சேதத்துக்கான கட்டணத்திலே 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து கோராதிருந்தால் 25, 35, 45 என்று உயர்ந்து, ஐந்து ஆண்டுகளிலே 50 விழுக்காட்டைத் தொடும். ஒரே ஒரு முறை கோரினால் சேர்த்த தள்ளுபடி சரிந்துவிடும். அதோடு, 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் ஆயிரம் ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு இரண்டாயிரமும் உடைமையாளர் தலையிலே. ஆகவே சிறு சேதத்துக்குக் காப்பீட்டை நாடுவது நட்டம் என்று கணக்குச் சொல்கிறது. அந்த நட்டத்தை யாரிடம் தள்ளுவது? எதிரே நிற்பவரிடம்! நிறுவனத்திடம் கேட்கத் தயங்கும் நாவு, இளநீர் விற்பவரிடம் தயங்குவதில்லை!

கார் வைத்திருப்பவரெல்லாம் தீயவர், மிதிவண்டி மிதிப்பவரெல்லாம் உத்தமர் என்று நான் கூறவில்லை. தவணை கட்டி, வயிற்றைக் கட்டி வாங்கிய வண்டியிலே கீறல் விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். பெரிய வண்டி எதுவோ அதன் மீதே பழி என்று ஓட்டியை இழுத்துப்போட்டு அடிக்கும் கூட்டத்தையும் கண்டிருக்கிறேன். அதுவும் அநீதியே! தெருவிலே கூடும் நீதிமன்றத்துக்குச் சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். அன்றைக்கு யார் கூட்டம் அதிகமோ அவர் பக்கம் தீர்ப்பு.

ஆனால், இருவருடைய இழப்பும் ஓரெடை என்று மட்டும் கூறாதே! கதவுக்குப் பட்டறை உண்டு. முழங்காலுக்கு? 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளிலே மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழகத்திலே மட்டும் 17,884 உயிர்கள். இரும்புக்குள் இருப்பவருக்கும் எலும்போடு நிற்பவருக்கும் சாலை சமமன்று. நெதர்லாந்து நாட்டார் இதை உணர்ந்து, 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவிலே எழுதி வைத்தார்கள்: மோட்டார் வண்டி, நடப்பவர் மீதோ மிதிவண்டியர் மீதோ மோதினால், தவிர்க்கவே இயலாத நிகழ்வு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வண்டிக்காரருடையது. வலியவனுக்கு வசதி மட்டுமன்று, பொறுப்பும் அதிகம் என்பது அதன் பொருள்.

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. விபத்திலே காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் தமிழக அரசுத் திட்டம், 2021 டிசம்பர் 18ஆம் நாள், இதே செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரிலேதான் தொடங்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. இல்லாதது எது? ஆத்திரத்துக்கும் நாவுக்கும் நடுவே ஒரு நொடி!

அந்த ஒரு நொடியைத்தான் உன்னிடம் கேட்கிறேன், தோழனே! நாளை உன் வண்டியிலே கீறல் விழலாம். அல்லது நீயே கீறிவிடலாம். இறங்கியதும் முதலிலே உடம்பைக் கேள். பிறகு வண்டியைப் பார். எண்ணைக் குறித்துக்கொள்; படம் எடுத்துக்கொள்; ஈடு வேண்டுமெனில் காவல் நிலையமும், காப்பீடும், நீதிமன்றமும் இருக்கின்றன. ஒரு நாளும் அடுத்தவன் மடியை நடுத்தெருவிலே அவிழ்க்கச் செய்யாதே. நீ கூட்டத்திலே ஒருவனாக நின்றால், விலை சொல்பவனாக இராதே. தண்ணீர் ஊற்றுபவனாக இரு.

நண்பர் தம் செலவிலேயே கதவுக்குச் சாயம் பூசிவிட்டார். கீறல் இருந்த இடம் இன்று கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னிருக்கையிலே அன்று நான் காத்த மௌனம் இருக்கிறதே, அதற்குப் பூசச் சாயம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.